எட்டில் ஏழு பச்சை

அந்தப் பிளாஸ்டிக் கட்டைப் பெட்டி உங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்துவிட்டதா? வந்திருக்கும். கேத்திப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி போன வாரம் ஊட்டி காந்தலில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து, "மேடம், பின்னம் நடத்தறதுக்கு இதை எப்படிங்க பயன்படுத்தறது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் பாடமும் முடிந்துவிட்டது. அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று எனக்குத் திக்கென்றது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது.

என் கடைசிப் பள்ளி எமரால்டுக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டுக்குள் இருந்தது. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு ஆசிரியைகள். பிள்ளைகளில் பாதிக்கு மேல் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அம்மாக்கள் காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். சாயங்காலம் வரை அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் எல்லாம்.

கட்டைகளை வைத்து நான் பாடம் நடத்திய முறை இதுதான். கட்டையின் மேல் குமிழ் குமிழாக இருக்குமே, அதைப் பிள்ளைகள் பொட்டு என்பார்கள். எட்டுப் பொட்டு வைத்த கட்டை 'முழுசு'. அதன் மேல் நாலு பொட்டுக் கட்டை இரண்டு உட்காரும், அது அரை. இரண்டு பொட்டுக் கட்டை நாலு உட்காரும், அது கால். ஒற்றைப் பொட்டுக் குட்டிக் கட்டை எட்டு உட்காரும், அதில் ஒவ்வொன்றும் எட்டில் ஒன்று. "நாங்க படிச்ச காலத்துல இதுக்கு அரைக்கால்னு பேரு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, "டவுசரா டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்த பிசாசுகளை அடக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் உண்டு. வகுப்பு முடியும்போது அவரவர் நிறத்தில் குட்டிக் கட்டைகளை வைத்து முழுசைக் கட்டிக் காட்டிவிட்டுத்தான் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். பாடத்துக்குப் பாடமும் ஆயிற்று, கட்டைகளை எண்ணிப் பார்த்ததாகவும் ஆயிற்று.

இது நல்ல முறைதான். இதை நானே கெடுத்தேன். குட்டிக் கட்டைகள் எப்படியும் தொலையும். ஸ்வெட்டர் மடிப்பில் சிக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும், பலகை இடுக்கில் விழும். ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரு பிஸ்கட் டப்பாவில் உபரிக் கட்டைகளைப் போட்டு மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். யாருக்காவது ஒன்று குறைந்தால், "டப்பாவுல இருந்து எடுத்துக்கோ" என்பேன். அவ்வளவுதான். தினமும் எல்லோரும் முழுசு காட்டினார்கள். யார் வந்து பார்த்தாலும் பெட்டி நிறைவாக இருந்தது. எனக்கு அதில் பெருமை வேறு.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. கூட வேலை பார்த்த டீச்சர் பயிற்சிக்காக ஊட்டிக்குப் போயிருந்தாள். ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். அன்றைக்குப் பார்த்துக் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். கட்டைகளை வைத்து நான் பின்னம் நடத்துவதைக் கேள்விப்பட்டு, நேரில் பார்க்க வந்தவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் குட்டிக் கட்டையை எடுக்கக் கூடாது என்பது நானே வைத்த சட்டம். அவர் வந்து நிற்கும்போது பெட்டியைத் திறக்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள்தானே என்று திறந்துவிட்டேன்.

பாடம் நன்றாகத்தான் போனது. நடுவில் ஒன்றாம் வகுப்பு யாழினி திடீரென்று இருமினாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்கு விடாமல் இருமினாள். ஓடிப்போய் முதுகில் தட்டினேன், தண்ணீர் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் இருமல் நின்றுவிட்டது. சத்துணவு சமைக்கிற சரோஜா அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சளிங்க டீச்சர். ராத்திரியெல்லாம் என்ன குளிரு! எங்கூட்டுலயும் இதே கதைதானுங்க" என்றார். அதிகாரியும் பாவம் என்பதுபோல் தலையசைத்தார். இந்த மலையில் இருமாத பிள்ளை எங்கே இருக்கிறது? நான் பாடத்துக்குத் திரும்பினேன்.

முழுசு கட்டிக் காட்டும் நேரம் வந்தது. யாழினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தர்ஷினி. நாலாம் வகுப்பு, பச்சை நிறக்காரி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள்.

"டீச்சர், எனக்கு முழுசு வரல."

"நல்லா எண்ணிப் பாரு."

"எண்ணிட்டேன் டீச்சர். எட்டுல ஏழுதான் இருக்கு."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "டப்பாவுல ஒண்ணு எடுத்து வச்சுக்கோ, போ" என்றேன்.

"டப்பாவுல பச்சை இல்ல டீச்சர். வெள்ளைதான் இருக்கு."

"எந்தக் கலரா இருந்தா என்னம்மா? எட்டுல ஒண்ணு எட்டுல ஒண்ணுதானே. வை."

அதிகாரி சிரித்துவிட்டார். "பிரமாதம்! நிறம் மாறினா பின்னம் மாறுமா? இதைத்தான் மேடம் மத்த பள்ளிக்கூடத்துலயும் வந்து நீங்க சொல்லணும்" என்றார். நான் அதைப் பாடமாகத் திட்டமிட்டு நடத்தியதுபோல் அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் என்பதுபோல் சிரித்து வைத்தேன். தர்ஷினி சிரிக்கவில்லை. வெள்ளைக் கட்டையை அழுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் போனார். சாப்பாடு முடிந்தது. யாழினி முட்டையைத் தொடவில்லை. அதைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. காலையில் கட்டியதைப் படமாக வரைந்து பின்னம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு நோட்டாகத் திருத்திக்கொண்டு வந்தேன். தர்ஷினியின் நோட்டில் எட்டுக் கட்டம் இருந்தது. ஏழில் பச்சை, ஒன்று வெற்றுக் கட்டம். பக்கத்தில் 'பச்சை 7/8. வெள்ளை 1/8. பச்சை 1/8 காணோம்' என்று எழுதியிருந்தாள்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஏழாவது எட்டாவது பிள்ளைகளே தடுமாறுகிற இடம் இது, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாள் என்று சிவப்புப் பேனாவால் பெரிதாகச் 'சரி' போட்டேன். போட்டுவிட்டு மறுபடி கடைசி வரியைப் படித்தேன். பச்சை எங்கே போனது? அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று நாற்பது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

"பாப்பா, குட்டிக் கட்டைய வாயில போட்டியா?" என்று யாழினியிடம் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். என் முகம் அப்போது இருந்த இருப்பில் எந்தப் பிள்ளையும் இல்லையென்றுதான் சொல்லும். அது எனக்கே தெரியும். ஆனாலும் அந்தத் தலையாட்டலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சரி, தரையில்தான் கிடக்கும், தேடுவோம் என்றேன். எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி வெளியே நிற்க வைத்தேன். பாய்களை உதறினேன், துடைப்பத்தால் இடுக்கெல்லாம் கிளறினேன். பைகளைக் கொட்டினேன். ஷூவைக் கழற்றச் சொல்லித் தட்டிப் பார்த்தேன். குப்பைத் தொட்டியைக்கூடத் தரையில் கவிழ்த்துப் பார்த்தாயிற்று.

தேடும்போது எனக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டை கிடைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கிடைக்கும் முன்னால் சொன்னால், காலையில் அவ்வளவு புகழ்ந்துவிட்டுப் போன மனிதர் என்ன நினைப்பார்? பெட்டியைப் பூட்டச் சொல்லிவிடுவார்கள். பிள்ளையின் அம்மாவை மலையிலிருந்து கூப்பிட்டுப் பதற வைத்து, அப்புறம் கட்டை பாய்க்கு அடியில் கிடைத்தால் ஊரே சிரிக்கும். பிள்ளைதான் நன்றாக இருக்கிறாளே, வெளியே நின்று விளையாடிக்கொண்டுதானே இருக்கிறாள்? இப்படியெல்லாம் எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டு, பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருட அனுபவம், வெட்கக்கேடு!

கடைசியாக யாழினியின் ஸ்வெட்டர் மடிப்பைப் பார்க்கலாம் என்று அவளைக் கிட்டே இழுத்தேன். குனிந்தபோது என் காது அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. மெல்லிசாக ஒரு விசில் சத்தம். அவள் மூச்சை இழுக்கும்போது வந்தது, விடும்போதும் வந்தது. கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து.

அறைக்குள் போன் எடுக்காது. மேட்டுக்கு ஓடி, எஸ்டேட் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "பதினோராம் நம்பர் மலையில மகேஸ்வரி இருப்பாங்க. யாழினியோட அம்மா. உடனே அனுப்புங்க" என்றேன். கொழுந்து பறிக்கும் காட்டை அங்கே மலை என்றுதான் சொல்வார்கள். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் பாயிடம் வேன் கேட்டேன். திரும்பி வந்தால், சரோஜா அக்கா கையில் வாழைப்பழத்தை உரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பழத்தை முழுங்குனா கூடவே கீழ போயிருமுங்க டீச்சர்."

"வேண்டாங்கக்கா! தண்ணிகூடக் கொடுக்காதீங்க. அது வயித்துல இல்ல, மூச்சுல இருக்கு" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாவிடம் நான் சத்தம் போட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மகேஸ்வரி, செடி ஈரம் படாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே ஓடி வந்தாள். "என் புள்ளைக்கு என்னாச்சு டீச்சர்?" என்றாள். "கட்டை ஒண்ணு காணோம். வாயில போட்டிருப்பாளோன்னு சந்தேகமா இருக்கு. ஊட்டிக்குப் போகலாம்" என்றேன். எவ்வளவு நேரமாகச் சந்தேகம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சரோஜா அக்காவைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டுக் கிளம்பினோம். தர்ஷினியின் பச்சை முழுசையும் நோட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பாதி வழியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பாய் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் இறங்கிப் போய், "குழந்தைக்கு மூச்சு இழுக்குதுப்பா, எடுங்கப்பா!" என்று கும்பிட்டார். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்த மகேஸ்வரி அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வரும் வரை விடவில்லை. அந்தக் கையை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைங்க மேடம். நல்லா கிளியரா இருக்கு. சளிதான், மருந்து எழுதித் தர்றேன்" என்றார். மகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு நெஞ்சிலிருந்து பாறையை இறக்கியதுபோல் இருந்தது. அப்பாடா, யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டோம். மருந்துக்குப் பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்தால், பச்சைக் கட்டை விரலில் தட்டுப்பட்டது. ஏழு பச்சை, ஒரு வெள்ளை. எக்ஸ்ரேயில் இல்லை என்றால் எட்டாவது பச்சை எங்கே? அறையில் இல்லை, பையில் இல்லை, பெட்டியில் இல்லை. அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லையே! திரும்பி நடந்தேன்.

"டாக்டர், இந்தக் கட்டையையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க."

"என்ன மேடம், விளையாடறீங்களா? வெளிய எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

"நான் பைத்தியக்காரியாவே இருந்துட்டுப் போறேன். நீங்க எழுதிக் கொடுத்த சீட்டு கையிலதான் இருக்கு, எங்கயும் ஓடிப்போகாது. இது படத்துல தெரிஞ்சா பேசாம ஊருக்குப் போயிடறோம்."

எனக்கு எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மரியாதைக்குக் குறைவாகப் பேசிவிட்டோமோ, துரத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அவர் என் நரைத்த தலையைப் பார்த்தாரோ என்னவோ, சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். ஒரு குட்டிக் கட்டையைப் பிடுங்கி எடுத்தேன். கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவி அதன் பக்கத்தில் வைத்தேன். படம் எடுப்பவர் வாய்க்குள் சிரித்துக்கொண்டே எடுத்தார். திரையில் ஊசி பளிச்சென்று தெரிந்தது. கட்டை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் யாழினியைத் திரும்ப உட்கார வைத்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி வலது பக்கம். வெகுநேரம் கேட்டார். "வலது பக்கம் காத்து சரியாப் போகல. என் தப்பு மேடம், மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினார். அந்தப் பையனை நான் என்றைக்கும் குறை சொல்லமாட்டேன். தன் தப்பு என்று தெரிந்த நொடியிலேயே ஓடினவர் அவர். நான் அப்படி ஓடவில்லை.

ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் மகேஸ்வரி தனக்குத் தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டாள். நான் யாழினியின் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். எண்ணிக்கை தப்பும் போதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வந்தது. மூச்சுக்குழாயில் கருவியை விட்டு எடுத்தார்கள். மறுநாள் காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அதைக் கொண்டுவந்து காட்டினார்கள். பச்சை. பிள்ளை அம்மா மடியில் படுத்துக்கொண்டு இட்லி கேட்டாள்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. உபரி டப்பா வைத்துக்கொள்ளாதீர்கள். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏழு இருந்தால் ஏழாகவே இருக்கட்டும். அந்த ஓட்டை எல்லோர் கண்ணிலும் படட்டும், வருகிற அதிகாரியும் பார்க்கட்டும். ஒரு பிள்ளை எழுந்து நின்று எட்டில் ஏழுதான் இருக்கிறது என்று சொன்னால், அதற்குமேல் நீங்கள் நடத்த வேண்டிய பாடம் எதுவும் இல்லை. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அறிக்கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவள் ஆவேன். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டார்கள். அன்று வந்திருந்த அதிகாரியே போனில் பேசினார். நல்ல மனிதர். "மேடம், குழந்தை பிழைச்சிடுச்சு, அதுதான் முக்கியம். மணி நிமிஷமெல்லாம் போட்டு உங்களை நீங்களே மாட்டி விட்டுக்காதீங்க. மதியம் தெரிய வந்ததுன்னு எழுதுங்க, போதும்" என்றார். 'மதியம்' என்றே எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். பொய்யில்லையே, மதியம்தானே! இன்றைக்குக் கோப்பில் இருக்கும் அறிக்கையில் ஒன்று நாற்பது என்றும், இரண்டு இருபத்தைந்து என்றும் இருக்கும். அது எப்படி மாறியது என்றால்:

யாழினி பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று காலையில் மகேஸ்வரியே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வேலைக்குப் போகிற வழி. வணக்கம் சொன்னாள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நீங்க ரொம்ப நேரம் தேடுனீங்கன்னு தர்ஷினி புள்ள சொல்லுச்சு. உங்களுக்கு எப்ப தெரிஞ்சிச்சு?"

மதியம் என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணு நாப்பதுக்கு" என்றேன்.

"எனக்கு எப்ப சொல்லி அனுப்புனீங்க?"

"ரெண்டு இருபத்தஞ்சு."

என்னைத் திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"முக்கா மணி நேரம்" என்றாள். "அந்த நேரம் நாங்க மலையில ஏதோ கதை பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தோம் டீச்சர்."

பிள்ளையின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டு, அவளை என் பக்கம் அனுப்பிவிட்டு, வேலைக்குப் போய்விட்டாள்.